‘இதர’ என்றொரு பேரினம்

2018இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் நான்கு பேர் சேர்ந்து மாஸ் தாவரங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். (சினிமா மாஸ் இல்லை. மழைக்காலத்தில் சுவரிலும் மரப்பட்டையிலும் பச்சையாகப் படர்கிறதே, அது. பள்ளிப் பாடநூலில் ‘மாஸ்கள்’ என்றே படித்திருப்பீர்கள்.) ஆய்வுக் கட்டுரைத் தலைப்புகள் பொதுவாகக் கொட்டாவி வரவைக்கும். இது வேறு மாதிரி இருந்தது. வகைப்பாட்டுக் குப்பைத்தொட்டி ஒன்றைச் சுத்தம் செய்கிறோம் என்று தலைப்பிலேயே சொல்லியிருந்தார்கள். கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி வேறு.

குப்பைத்தொட்டி என்று அவர்கள் குறிப்பிட்டது ஹிப்னம் என்ற பேரினத்தை. தரையிலும் பாறையிலும் விழுந்து கிடக்கும் மரங்களின்மேலும் பாய் விரித்ததுபோலப் படர்ந்து வளரும் மாஸ்கள் இதில் வருகின்றன. வகைப்பாட்டியலில் ‘குப்பைத்தொட்டி’ என்பது வசைச்சொல் இல்லை. கிட்டத்தட்ட ஒரு கலைச்சொல். வேறெங்கும் பொருந்தாதவை, யாரும் இன்னும் உட்கார்ந்து பார்க்காதவை எல்லாவற்றையும் தற்காலிகமாகப் போட்டுவைக்கும் குழுவுக்கு அப்படிப் பெயர். ஹிப்னம் விஷயத்தில் அந்தத் தற்காலிகம் இருநூறு வருடங்களுக்கு மேல் நீண்டுவிட்டது.

நான் தாவரவியல் படித்தவன் இல்லை. மாஸ்களைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் வாசிக்கிறவன், அவ்வளவுதான். அந்தச் சொல் எனக்குள் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போய்விட்டது. ஒன்றை ‘மற்றவை’ என்று ஒதுக்கி வைப்பது வெறும் அடுக்கி வைக்கும் வேலையா? இல்லை, அதற்குள் ஒரு அநீதி இருக்கிறதா? இருக்கிறது என்றால், அது சரியாக எந்த இடத்தில் தொடங்குகிறது?

*

முதலில் ஹிப்னம் எப்படித் தொட்டியானது என்று பார்க்கலாம்.

பெயர் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஹிப்னோஸ் என்றால் தூக்கம். உலர்ந்த மாஸைத் தலையணையிலும் மெத்தையிலும் அடைத்துத் தூங்கும் பழக்கத்தோடு இந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். ஆக, அதன் பெயரிலேயே அதைப் பற்றிய செய்தி குறைவு, நம் உபயோகத்தைப் பற்றிய செய்தி அதிகம்.

1753இல் லின்னேயஸ் தாவரங்களை வகைப்படுத்தியபோது பூக்களின் உறுப்புகளை எண்ணித்தான் பெரும்பாலான குழுக்களைப் பிரித்தார். மாஸ்களுக்குப் பூ கிடையாது. எனவே பெரணி, பாசி, காளான் எல்லாவற்றோடும் சேர்த்து அவற்றை ‘மறைவான திருமணம் உடையவை’ என்ற பொருள்படும் வகுப்பில் வைத்தார். யோசித்துப் பார்த்தால் அதுவே பெரிய ‘மற்றவை’ பெட்டிதான். பூக்களை வைத்துப் போட்ட கணக்கில் மிஞ்சியவை எல்லாம் அதற்குள் போயின. மாஸின் நுனியில் நிற்கும் சிறு வித்துறையை அவர் மகரந்தப்பை என்று எடுத்துக்கொண்டார். பூ உள்ள தாவரத்தின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாஸைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

அந்தக் கண்ணாடியைக் கழற்றியவர் யோஹான் ஹெட்விக். 1730இல் டிரான்சில்வேனியாவின் கிரோன்ஷ்டாட் நகரில் பிறந்தவர். மருத்துவம் படித்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போனால், ஆஸ்திரியக் கல்வி நிலையத்தில் படிக்கவில்லை என்று அங்கே தொழில் செய்ய விடவில்லை. சரியான பெட்டியில் இல்லாத பட்டம். ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்தில் மருத்துவராக வேலை பார்த்தபடி, கிடைத்த நேரத்தில் நுண்ணோக்கி வைத்து மாஸ்களை ஆராய்ந்தார். மாஸ்களின் ஆண், பெண் உறுப்புகள் எவை என்று தெளிவாகக் காட்டினார். வித்துகள் முளைப்பதைக் கண்டார். லின்னேயஸ் மகரந்தம் என்று நினைத்த தூள், உண்மையில் வித்துத்தூள்.

ஹெட்விக் 1799இல் இறந்தார். அவருடைய பெரிய நூல் 1801இல் வெளியானது. இன்றும் மாஸ்களின் முறையான பெயர்கள் அந்த நூலிலிருந்துதான் கணக்கிடப்படுகின்றன. ஸ்பேக்னம் குடும்பத்துக்கு மட்டும் விலக்கு. வித்துறையின் வாயைச் சுற்றிப் பற்கள்போல ஒரு வளையம் இருக்கும். அந்தப் பற்களின் அமைப்பையே ஹெட்விக் முக்கிய அடையாளமாக எடுத்துக்கொண்டார். நல்ல முடிவுதான். ஆனால் ஊர்ந்து படர்ந்து கிளைவிடும் மாஸ்களில் நூற்றுக்கணக்கானவற்றுக்குப் பல்வரிசை ஏறக்குறைய ஒரே மாதிரி, இரட்டை வரிசையாக இருக்கிறது. வித்துறைக் காம்பும் பக்கவாட்டிலிருந்துதான் முளைக்கிறது. அவர் வைத்த அளவுகோல் அந்த இடத்தில் வேலை செய்யவில்லை. படர்கிறதா, பக்கவாட்டில் காய்க்கிறதா, பல் இரட்டையா, அப்படியானால் ஹிப்னம். போடு உள்ளே.

அதன்பின் காலனிய காலத்துச் சேகரிப்பாளர்கள் உலகம் முழுவதிலிருந்தும் பொட்டலம் பொட்டலமாக மாஸ்களை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். படர்பவை பலவும் முதலில் ஹிப்னம் என்றே பெயர் பெற்றன. அந்தப் பேரினத்தின்கீழ் காலப்போக்கில் ஆயிரக்கணக்கான பெயர்கள் சேர்ந்தன. இன்று உலகில் அறியப்பட்ட மாஸ் இனங்கள் எல்லாம் சேர்த்தே சுமார் 12,000தான் என்பதை வைத்துப் பாருங்கள், தொட்டி எவ்வளவு நிரம்பியிருக்கும் என்று தெரியும்.

*

பிறகு காலி செய்யும் வேலை தொடங்கியது. 1850களின் தொடக்கத்தில் ஷிம்பர், ஹிப்னத்திலிருந்து பிராக்கிதீசியம், ஹைலோகோமியம், ஆம்ப்ளிஸ்டீஜியம் போன்ற பேரினங்களைப் பிரித்தெடுத்தார். ஹிப்னம் ஷ்ரெபெரி 1869இல் ப்ளூரோசியம் ஆனது. குளிர்ப் பிரதேசக் காடுகளின் தரையை மூடியிருக்கும் முக்கியமான மாஸ் அது. இறகுபோல அழகாக இருக்கும் இன்னொன்று டிலியம் என்ற தனிப் பேரினத்துக்குப் போனது.

இப்படி ஒவ்வொன்றாகப் பிரிந்து போனபின்பு எஞ்சியதற்கு என்ன பெயர்? அதற்கும் ஹிப்னம்தான். நான் நின்று யோசித்த இடம் இதுதான். பிரிந்து போனவை ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு: இலையின் நரம்பு இப்படி, செல்லின் வடிவம் அப்படி. எஞ்சியவை ஒன்றாக இருந்ததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், அவை இன்னும் பிரிந்து போகவில்லை என்பது. அவற்றுக்குள் பொதுவாக ஒன்று இருந்தது உண்மைதான். இலைகள் அரிவாள்போல ஒரே பக்கமாக வளைந்திருக்கும். பின்னல் சடைபோலத் தெரியும். ஆனால் டிஎன்ஏ ஆய்வுகள் வந்தபின் அந்த வளைவும் ஏமாற்றியது தெரிந்தது. வளைந்த இலை மாஸ்களில் பல தடவை, வெவ்வேறு கிளைகளில், தனித்தனியாக உருவாகியிருக்கிறது. ஒரே மாதிரிச் சடை பின்னியிருப்பதால் ஒரே வீட்டுப் பெண்கள் என்று சொல்லிவிட முடியாது இல்லையா?

2018, 2019 ஆண்டுகளில் வந்த இரண்டு ஆய்வுகள் ஹிப்னத்தை மேலும் சுருக்கிவிட்டன. கிழக்கு ஆசியாவில் பரவலாக இருக்கும் ஹிப்னம் ப்ளூமிஃபார்மே இப்போது கலோஹிப்னம். ஜப்பானில் இதை ‘ஹாய்கோகே’, அதாவது ஊர்ந்து படரும் மாஸ், என்பார்கள். செடியின் வேர்மண்ணை உருண்டையாக்கி மாஸால் போர்த்தும் கோகேடாமா உருண்டைகளை இன்ஸ்டாகிராமில் பார்த்திருந்தால், இதையும் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. ஹிப்னம் இம்போனென்ஸ் இப்போது காலிக்லாடியம். ஹிப்னம் என்ற பெயர் யாருக்கு மிஞ்சும் என்பதற்கும் விதி உண்டு. பேரினத்தின் மாதிரி இனம் எதுவோ அதனுடனேயே பெயர் போகும். இங்கே அது ஹிப்னம் குப்ரெசிஃபார்மே, சைப்ரஸ் மர இலைபோன்ற மாஸ். அதுவும் அதன் நெருங்கிய உறவுகளும் மட்டும் இனி ஹிப்னம்.

*

இவ்வளவும் எதற்கு? பெயரை மாற்றினால் அந்தச் செடிக்கு என்ன?

ஒன்றுமில்லை. சைப்ரஸ் மாஸ் 1801இலும் இப்படித்தான் படர்ந்தது, இன்றும் இப்படித்தான் படர்கிறது. இந்தக் கோணத்தில் நின்று ஒருவர், பேரினம் என்பதே மனிதன் வரைந்த கோடு, இயற்கையில் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லலாம். டார்வினே இனம் என்பதை வசதிக்காக வைத்துக்கொண்ட சொல்லாகத்தான் பார்த்தார். ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார்: உயிர்களின் வகைப்பாடு கடைசியில் வம்சாவளியாக மாறும் என்று. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு விஷயம் தெளிவாகிறது. கோட்டை எங்கே போடுவது என்பது நம் முடிவு. ஆனால் யார் யாரிடமிருந்து வந்தார் என்பது நம் முடிவு இல்லை, அது நடந்து முடிந்த வரலாறு. ஒரு மூதாதையின் எல்லாச் சந்ததியும் உள்ளே இருக்கும்படி ஒரு கோடு போட்டால், அது நடந்த ஒன்றைச் சொல்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கி ஒரு பையில் போட்டால், அது நம் பையைப் பற்றி மட்டும் சொல்கிறது.

நம்மிடமும் இப்படி ஒரு கதை உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையை வைத்து ஆறாக அடுக்குகிறது. தொட்டால் உணரும் ஓரறிவு உயிர்கள் புல்லும் மரமும். இரண்டையும் பிரிக்க அது வைத்த அளவுகோல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: வயிரம் வெளியே இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். அதன்படி தென்னையும் பனையும் புல். நவீனத் தாவரவியலும் தென்னையைப் புல்லோடு ஒருவிதையிலைத் தாவரங்களில்தான் வைக்கிறது. உள்ளே பிளந்து பார்த்துச் சொன்னவர்களின் பார்வை அது.

ஆனால் மாஸை எங்கே வைப்பது? அதற்கு உள்ளேயும் வயிரம் இல்லை, வெளியேயும் வயிரம் இல்லை. ஹிப்னத்தின் இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் கனம்தான். காய்ந்தால் சுருண்டுவிடும், நனைந்தால் விரிந்துவிடும். அந்தக் கேள்வியால் அதைத் தொட முடியாது. நம் மொழி என்ன செய்தது? ‘பாசி’ என்று ஒரு சொல்லுக்குள் போட்டது. குளத்து நீரில் மிதப்பது, படித்துறையில் வழுக்குவது, கிணற்றுச் சுவரில் பச்சையாக ஒட்டியிருப்பது எல்லாமே பாசி. குறுந்தொகையில் பரணர் பசலைக்கு உவமையாகச் சொல்லும் கேணிப் பாசி, கைபட்டால் விலகி, விட்டால் திரும்ப மூடுவது. அது நீரில் மிதப்பது, மாஸ் இல்லை. மாஸ் தொட்டால் விலகாது, பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே பெயர். பாடநூல் எழுதியவர்கள் ஆல்காவுக்குப் ‘பாசி’யைக் கொடுத்துவிட்டு, மாஸை மாஸ் என்றே விட்டதற்கு இந்த நெரிசலும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதில் தொல்காப்பியத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்தக் கேள்வியைக் கேட்டு உலகைப் பிரித்தாலும், அந்தக் கேள்விக்கு விடை சொல்லாத ஏதோ ஒன்று மிஞ்சும். வயிரம் எங்கே என்று கேட்டால் மாஸ் மிஞ்சும். பூவில் உறுப்பு எத்தனை என்று கேட்டாலும் மாஸ் மிஞ்சும். மிச்சம் என்பது கேள்வியின் குணம். மிஞ்சியதன் குணம் இல்லை.

*

நான் கல்லூரியில் சேர்ந்தபோது உதவித்தொகைக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. தாயின் தொழில் என்று ஒரு கட்டம். அரசுப் பணி, தனியார் பணி, விவசாயம், வியாபாரம், இதர. அம்மா அப்போது காலையில் இட்லி மாவு அரைத்துத் தெருவுக்குக் கொடுப்பார். பகலில் புடவைக்கு ஃபால்ஸ் தைப்பார். முகூர்த்த மாதங்களில் பூ கட்டித் தருவார். பக்கத்து வீட்டுக் குழந்தையை அதன் அம்மா வேலை முடிந்து வரும்வரை பார்த்துக்கொள்வார். கவுன்ட்டரில் இருந்தவர் கேட்டுவிட்டு, பேனாவை எடுத்து ‘இதர’வில் ஒரு டிக் போட்டார்.

அம்மா வெளியே வந்ததும் கேட்டார்: “இதரன்னா என்னடா?”

“மத்ததுன்னு அர்த்தம்மா.”

“எது மத்தது?”

அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது யோசித்தால் அம்மா மிகச் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. எதிலிருந்து பார்க்கும்போது இது மற்றது? நாலு கட்டங்களை வரைந்தவர் எங்கே நின்றுகொண்டு வரைந்தார்? காலையிலிருந்து இரவுவரை நாலு வேலை செய்கிற ஒருத்திக்கு ஒரு வேலையும் இல்லாததுபோல அந்தக் கட்டம் இருந்தது. எந்த வேலையும் செய்யாதவருக்கும் அதே கட்டத்தில்தான் டிக் விழுந்திருக்கும். படர்கிற நூறு மாஸ்கள் ஒரே பையில் விழுந்ததுபோல.

இதைவிடப் பெரிய உதாரணம் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருக்கிறது. 2011 படிவத்தில் மதம் என்ற கேள்விக்கு ஆறு மதங்களுக்கு ஆறு குறியீட்டு எண்கள் இருந்தன: இந்து, முஸ்லிம், கிறிஸ்தவம், சீக்கியம், பௌத்தம், சமணம். வேறு மதம் என்றால் பெயரை முழுதாக எழுத வேண்டும். ஆனால் எண் கிடையாது. அப்படி எழுதியவர்கள் எல்லாம் ‘பிற மதங்களும் நம்பிக்கைகளும்’ என்ற தலைப்பின்கீழ் வந்தார்கள். சுமார் 79 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 49 லட்சம் பேர் எழுதிய பெயர் ஒன்றே: சர்னா. ஜார்கண்டையும் அதைச் சுற்றியுள்ள மாநிலங்களையும் சேர்ந்த பழங்குடி மக்களின், சால மரத் தோப்புகளை வணங்கும் வழிபாட்டு மரபு. அந்தக் கணக்கெடுப்பில் சமணர்கள் சுமார் 45 லட்சம். அதாவது எண் பெற்ற ஒரு மதத்தைவிட எண் பெறாத ஒன்றில் ஆட்கள் அதிகம். சர்னாவுக்குத் தனிக் குறியீடு வேண்டும் என்று 2020 நவம்பரில் ஜார்கண்ட் சட்டமன்றம் தீர்மானமே நிறைவேற்றியது.

இங்கே மாஸிலிருந்து மனிதருக்கு ஒரே தாவாகத் தாவிவிடக் கூடாது. பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. தத்துவவாதி இயன் ஹாக்கிங் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். சில வகைப்பாடுகள் தாம் வகைப்படுத்தும் பொருளோடு உறவாடுவதில்லை, சில உறவாடுகின்றன. ஒரு மாஸை ஹிப்னம் என்றாலும் கலோஹிப்னம் என்றாலும் அதற்குத் தெரியாது. மனிதருக்குத் தெரியும். தன்னை என்னவென்று எழுதியிருக்கிறார்கள் என்பதை வாசித்து, அதற்கேற்ப ஒருவர் மாறுகிறார். அல்லது அதை எதிர்த்து மாறுகிறார். அதனால் வகையும் மாறுகிறது. ‘பிற’ என்று எழுதப்பட்ட லட்சக்கணக்கானவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டு ஒரே பெயரை எழுதுவது அப்படியான ஒன்றுதான். மாஸ் மனு கொடுக்காது. அம்மாவைப்போல “எது மத்தது?” என்றும் கேட்காது.

கேட்க முடியாது என்பதால் அதற்கு நாம் கடன்பட்டிருப்பது குறைந்துவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

*

அமெரிக்காவின் காடுகளிலிருந்து மாஸைப் பாய்போல உரித்து மூட்டையாக்கி விற்கிறார்கள். பூ அலங்காரம், தொங்கும் தொட்டிகள், கடை ஜன்னல் ஜோடனை எல்லாவற்றுக்கும் அது போகிறது. சந்தையில் அதற்கு ‘ஷீட் மாஸ்’ என்று ஒரே பெயர். ஹிப்னம் என்று அறியப்பட்டவை அதில் முக்கியமானவை. ஆனால் ஒரு மரத்திலிருந்து உரித்த ஒரு பாயில் பல இனங்கள் பின்னிக் கிடக்கும், நடுவே சிறு பூச்சிகளும் பிற உயிர்களும் வாழும். உரித்த இடம் பழையபடி மூட எத்தனையோ ஆண்டுகள் ஆகும். எந்த இனம் எவ்வளவு போனது என்று யாராவது கேட்டால், கணக்கில் இருப்பது எடை மட்டும். ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டபின் இழப்பைச் சொல்லவே வாயில்லை. பெயர் இல்லாத ஒன்று அழிந்துபோவதைப் பட்டியலில் எழுத முடியாது. எந்தச் சட்டமும் அதைக் காக்க முடியாது.

பெயரைச் சரியாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மறுபக்க உதாரணமும் உண்டு. மாஸுக்கு உண்மையான வேர் கிடையாது. தனக்கு வேண்டியதை மழையிலிருந்தும் காற்றிலிருந்துமே பெருமளவு எடுத்துக்கொள்கிறது. எனவே காற்றில் ஈயமோ காட்மியமோ இருந்தால் அதன் உடம்பில் தங்கிவிடும். 1990 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் மாஸ்களைச் சேகரித்துக் காற்றின் கனஉலோகங்களை அளக்கிறார்கள். அதற்குப் பயன்படும் முக்கிய இனங்களில் சைப்ரஸ் மாஸும் ஒன்று. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தில் வேறொரு மாஸின் 346 மாதிரிகளை மரங்களிலிருந்து எடுத்துச் சோதித்தார்கள். வண்ணக் கண்ணாடி செய்யும் தொழிற்சாலைகளுக்கு அருகே காட்மியம் மிக அதிகம் என்பது 2016இல் வெளியே தெரிந்தது. பக்கத்திலேயே குடியிருப்புகள். அதன்பின் மாநில அரசு விதிகளைக் கடுமையாக்கியது. ஒவ்வோர் இனமும் உலோகத்தை ஒவ்வொரு அளவில் பிடித்துவைக்கும். இரண்டு தெருவில் எடுத்த மாதிரிகளை ஒப்பிட வேண்டுமென்றால், இரண்டும் ஒரே மாஸ்தான் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். ‘ஏதோ பாசி’ என்றால் அந்தக் கணக்கு நிற்காது.

*

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டே போவதுதான் நியாயமா? இங்கே எனக்கு எதிராக நானே இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, பெயர் மாற்றத்துக்கும் விலை உண்டு. நெல் உமியில் மோமிலாக்டோன் என்ற வேதிப்பொருளை 1970களில் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். மற்றச் செடிகள் அருகில் வளராமல் தடுப்பது அது. 2007இல் அதையே ஒரு மாஸில் கண்டார்கள். அந்தக் கட்டுரையில் மாஸின் பெயர் ஹிப்னம் ப்ளூமிஃபார்மே. 2020இல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்து, நெல்லும் மாஸும் இந்தத் திறனைத் தனித்தனியாகப் பெற்றிருக்கின்றன என்று காட்டினார்கள். அந்தக் கட்டுரையில் பெயர் கலோஹிப்னம். இரண்டும் ஒரே செடி என்று தெரியாத மாணவருக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும். பெயர் என்பது நினைவு தொங்கும் ஆணி. ஆணியைப் பிடுங்கிப் பிடுங்கி அடித்தால் நினைவு கீழே விழும்.

இரண்டாவது, பெட்டி எல்லாருக்கும் வரம் இல்லை. எண்ணப்படுவது சில நேரம் பிடிபடுவதும்கூட. 1871இல் பிரிட்டிஷ் அரசு சில சமூகங்களை முழுதாகக் ‘குற்றப் பரம்பரை’ என்று சட்டம் போட்டு வகைப்படுத்தியது. அந்த மக்களுக்குப் பெயர் இல்லாதது பிரச்சனை இல்லை. துல்லியமாகப் பெயர் எழுதிவைத்ததுதான் பிரச்சனை. ‘மற்றவை’யில் மறைந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். ஆகவே மிச்சப் பெட்டியைக் காலி செய்வதே எப்போதும் நல்லது என்று என்னால் சொல்ல முடியாது.

அப்படியென்றால் அநீதி எங்கே தொடங்குகிறது? மிச்சம் வைப்பதில் இல்லை என்று மேலே பார்த்தோம். எல்லாக் கேள்விக்கும் மிச்சம் உண்டு. நான் வந்து சேர்ந்த இடம் இது. ‘எங்களுக்கு இன்னும் தெரியவில்லை’ என்பதைச் சொல்ல வைத்த பெட்டி, ‘இதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை’ என்று சொல்லத் தொடங்கும் இடத்தில் அநீதி தொடங்குகிறது. பெட்டி அதேதான், லேபிளும் அதேதான். ஆனால் நம் அறியாமை மெல்ல அவர்களுடைய குணமாக மாறிவிடுகிறது. ‘இதர வேலை’ என்று எழுதியது கொஞ்ச நாளில் ‘சொல்லிக்கொள்கிற மாதிரி வேலை இல்லை’ என்று ஆகிவிடும்.

இந்த நழுவலைத் தடுக்க மாஸ் ஆய்வாளர்களிடம் ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. ஹெர்பேரியங்களில் மாஸ்களைக் காகிதப் பொட்டலத்தில் மடித்து வைப்பார்கள். மேலே சேகரித்தவர் பெயர், இடம், நாள், அவர் கொடுத்த தாவரப் பெயர். ஐம்பது வருடம் கழித்து இன்னொருவர் பிரித்துப் பார்க்கிறார். காய்ந்து சுருண்ட இலையின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது பழைய வடிவத்துக்கு விரிகிறது. நுண்ணோக்கியில் பார்க்கிறார். முதல் பெயர் தவறு என்று தோன்றுகிறது. என்ன செய்வார்? பழைய லேபிளைக் கிழிக்க மாட்டார், அடிக்கவும் மாட்டார். பக்கத்தில் இன்னொரு சிறு சீட்டு ஒட்டி, தான் நினைக்கும் பெயரையும் தன் பெயரையும் தேதியையும் எழுதுவார். அடுத்து வருகிறவர் அதன் பக்கத்தில் இன்னொன்று. பெயர் எழுதும்போதும் இதே மரியாதை. ஓர் இனம் வேறு பேரினத்துக்கு மாறினால், முதலில் பெயர் வைத்தவரின் பெயர் அடைப்புக்குறிக்குள் தொடர்ந்து வரும். பழைய பெயர் இணைப்பெயராகப் பட்டியலில் இருக்கும். ஆணி மாறினாலும் நினைவு கீழே விழாமல் பிடித்துக்கொள்ள இதுதான் வழி.

அந்தப் பொட்டலத்தில் நான் மூன்று விஷயங்களைப் பார்க்கிறேன். வகைப்படுத்தியவர் தன் பெயரைப் போடுகிறார்; அதனால் அது வானத்திலிருந்து விழுந்த தீர்ப்பாக இருப்பதில்லை, ஓர் ஆளின் ஒரு நாளைய கருத்தாக இருக்கிறது. பெட்டியைத் திறக்க முடிகிறது. மாதிரி உள்ளேயே இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம். தவறாக எழுதியதும் அழிக்கப்படுவதில்லை. முன்பு எப்படிப் பார்த்தோம் என்பது அடுத்தவருக்குத் தெரிகிறது. குற்றப் பரம்பரைச் சட்டத்தில் இந்த மூன்றும் இல்லை. எழுதப்பட்டவர்கள் தங்கள் பக்கத்திலிருந்து சீட்டு ஒட்ட அங்கே இடமே இல்லை. சர்னா மக்கள் கேட்பதை இப்படியும் பார்க்கலாம்: ஏற்கெனவே தங்கள் கையால் எழுதிக் கொடுத்த பெயரை, எண்ணும்போதும் அதே பெயராக எண்ணுங்கள் என்கிறார்கள். மனிதர் விஷயத்தில் சீட்டு ஒட்டும் உரிமை முதலில் பொட்டலத்துக்குள் இருப்பவருக்குத்தான்.

மாஸுக்கு அந்த உரிமையைக் கொடுக்க வழியில்லை. அதனால்தான் அதை வகைப்படுத்துகிறவரின் பொறுப்பு கூடுகிறது. கேட்காத ஒன்றுக்காக, கேட்டிருந்தால் எப்படிக் கேட்டிருக்குமோ அப்படி நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஷிம்பரும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும், கடைசியாக அந்த ஆச்சரியக்குறி போட்ட நான்கு பேரும் செய்தது அதுதான் என்று நினைக்கிறேன். தொட்டிக்குள் குப்பை எதுவும் இருக்கவில்லை. ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து, நனைத்துப் பார்த்து, இது யாருடைய உறவு என்று கேட்டிருக்கிறார்கள்.

வேலை முடிந்துவிடவில்லை. சுருங்கிய ஹிப்னத்துக்குள்ளேயே சைப்ரஸ் மாஸ் ஒரு பெரிய தலைவலி. மரத்தில் வளர்ந்தால் ஒரு தோற்றம், பாறையில் வளர்ந்தால் இன்னொன்று. எத்தனையோ வகைகளுக்குப் பெயர் வைத்துப் பார்த்துவிட்டார்கள். பக்கத்தில் ஒட்ட இன்னும் சீட்டுக்கு இடம் இருக்கிறது.